பதினைந்தாவது மஸ்ட்

என் ஒரே மகளின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. உடம்பு சரியில்லையா, மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையா என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டும் இல்லை. ஒரு கரும்பலகையில் சாக்கட்டியால் ஒரு சொல் எழுதியிருந்தது. அதனால் போகவில்லை. தீவுக்கு வெளியே யாரிடம் இதைச் சொன்னாலும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன வந்தது.

எங்கள் ஸ்கெரோ தீவுக்கும் கரைக்கும் நடுவே மூன்று மைல் மணல். அதன் மேல் ஒரு ரோடு. நாளைக்கு இரண்டு தடவை கடல் வற்றும்போது ரோடு வெளியே வரும், ஏறும்போது உள்ளே போய்விடும். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை ரோட்டில் போகலாம் என்று வருஷத்துக்கு ஒரு முறை அச்சடித்த அட்டவணை வரும். வீட்டுக்கு வீடு அடுப்படிச் சுவரில் அது தொங்கும். சாதாரண நாளில் அதுவே போதும். ஆனால் வடக்கே எங்கோ ஒரு புயல் கடலைப் பிடித்துத் தள்ளினால், அட்டவணை சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தண்ணீர் வந்துவிடும். வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே வரும்.

அதைக் கண்டுபிடித்துச் சொல்வது மார்ஜரி டாட்ஸின் வேலை. வேலை என்றால் யாரும் கொடுத்த வேலை இல்லை. விடுதி அறைகளின் விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிறவள் அவள். கை இரண்டும் எப்போதும் சிவந்துதான் இருக்கும். அவளுடைய அப்பா ரோடு தொடங்கும் இடத்தில் ஒரு கரும்பலகை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு இவள் எழுதினாள். தினமும் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, வாய்க்காலைப் பார்ப்பாள், அலையைப் பார்ப்பாள், காற்றைப் பார்ப்பாள், வீட்டில் உள்ள காற்றழுத்தக் கருவி என்ன சொன்னது என்று ஒரு நிமிஷம் யோசிப்பாள். பிறகு எழுதுவாள்.

'இரண்டரைக்குள் திரும்பிவிடுவது நல்லது.' 'மூடுபனி. மெதுவாகப் போகவும்.' 'காற்று பலம். கூடுமானால் நாளைக்குப் போகலாம்.' இப்படித்தான் இருக்கும். நல்லது, கூடுமானால், மெதுவாக எல்லாம் தாராளமாக வரும். மஸ்ட் மட்டும் வராது. முதல் வருஷத்துக் கதை வேறு, அதை விட்டுவிட்டால் இருபத்திரண்டு வருஷத்தில் பதினாலு முறை எழுதியிருந்தாள். பதினாலு முறையும் கடல் முன்னாலேயே வந்தது. பதினாலு முறையும் ரோட்டில் ஒரு கோழிக்குஞ்சு இல்லை.

மஸ்ட் என்றால் செய்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் உலகத்தில் யார் அதை அப்படிப் பேசுகிறார்கள்? 'நீங்க மஸ்ட் ஒரு நாள் வீட்டுக்கு வரணும்' என்கிறார்கள். 'இந்தக் கேக்கை மஸ்ட் சாப்பிட்டுப் பாக்கணும்' என்கிறார்கள். போகாவிட்டால், சாப்பிடாவிட்டால் யார் குடி முழுகிவிடப் போகிறது? கரையில் அந்தச் சொல்லுக்குக் காலணா மதிப்பு கிடையாது. எங்கள் தீவில் பிள்ளைகளிடம்கூட அதைச் சொல்வதில்லை. 'குளிச்சிட்டு வாடா', 'கதவைச் சாத்து', அவ்வளவுதான். பேசிவைத்துக்கொண்டு விட்டதில்லை. தானாகவே விட்டுவிட்டோம், அது மார்ஜரியின் சொல் என்று.

அவளும் ஆரம்பத்தில் இப்படி இல்லை. முதல் வருஷம் பயந்துபோய்த் தினமும் மஸ்ட் போட்டாள். லேசாகத் தூறினால் மஸ்ட். மேகம் கறுத்தால் மஸ்ட். ஹாலின்ஸ் என்று ஒரு மாட்டு டாக்டர் வருவார். அவர் ஒரு நாள் பலகையைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே காரை ரோட்டில் இறக்கினார். அன்றைக்கு நிஜமாகவே கடல் வந்துவிட்டது. ரோட்டுக்கு நடுவில் உயரமான கால்கள் மேல் ஒரு மரக்கூண்டு உண்டு, மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உட்கார. அதில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய நாய் காரிலேயே மூழ்கிச் செத்துப்போயிற்று. தண்ணீர் வடிந்து இறங்கி வந்தவர் மார்ஜரியைத் திட்டவில்லை. "நீ தினமும்தான் எழுதறியேம்மா, எனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாராம். அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவள் எடுத்துப் பூட்டிவைத்துவிட்டாள்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். என் மகள் ஹேசலுக்குக் கரையில் மாப்பிள்ளை. ஏப்ரல் கடைசி சனிக்கிழமை, மூன்று மணிக்குக் கரையில் உள்ள டவுன் சர்ச்சில் கல்யாணம். ஏப்ரல் என்றால் என்னைப் போல ஆடு வளர்க்கிறவனுக்குப் பேறுகால மாதம். நாற்பது ஆடு குட்டி போடும். நான் அப்போதே கத்தினேன். யார் கேட்டார்கள்?

என் மனைவி நோரா வெள்ளிக்கிழமையே மகளோடு கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "வில்ஃப், ஒழுங்கா எங்ககூடயே வந்துடு. ஒரு ராத்திரி ஆட்டை வேற யாராவது பாத்துப்பாங்க" என்றாள்.

"யாரு பாத்துப்பாங்க? உங்க அண்ணனா? அவனுக்கு ஆட்டுக்குத் தலை எது வால் எதுன்னே தெரியாது. நாளைக்கு ரெண்டே முக்கால் வரைக்கும் ரோடு இருக்குன்னு போட்டிருக்கு. ஒண்ணே முக்காலுக்குக் கிளம்பினா ரெண்டே முக்காலுக்கு சர்ச் வாசல்ல நிப்பேன். போ, போ."

"நிக்கலேன்னா?"

"நிப்பேன்டீ. என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வராம இருப்பேனா?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கிழட்டு ஆடு இரட்டைக் குட்டியோடு திணறியது. முட்டி போட்டு, முழங்கை வரை கையை விட்டு, ஒன்றைத் திருப்பி எடுத்து, இன்னொன்றைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது பன்னிரண்டரை. பிழைத்துக்கொண்டன, மூன்றும். குளித்துச் சவரம் செய்து, நோரா தேய்த்து மாட்டியிருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு, பித்தான் துளையில் வெள்ளைப் பூவைச் செருகிக்கொண்டு, வேனை எடுத்தேன். டிப் நாயும் ஏறிக்கொண்டது. வெயில் என்றால் வெயில், அப்படி ஒரு வெயில். பாட்டுப் பாடிக்கொண்டுதான் போனேன். ரோட்டு முனைக்கு வந்தபோது மணி ஒன்று இருபது.

பலகையில் எழுதியிருந்தது: 'இன்று ஒன்று பத்துக்குள் ரோட்டை விட்டு மஸ்ட் ஏறிவிட வேண்டும்.'

பிரேக்கை மிதித்தேன். டிப் முன்னால் வந்து விழுந்தது.

பதினொன்றரைக்கு எழுதினாளாம். எழுதிவிட்டு வழக்கம்போல் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறாள். நான் பின்னால் கொட்டிலில் ஆட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு கிடந்தேன். வீடு பூட்டியிருந்ததால் நோராவோடு நானும் நேற்றே போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போகிற மற்ற தீவுக்காரர்கள் எல்லாம் பன்னிரண்டு மணிக்கே அவசர அவசரமாகக் கிளம்பி ரோட்டைத் தாண்டிவிட்டார்கள். படகில் போகலாம் என்றால் துறைமுகத்தில் தண்ணீர் இல்லை, படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

எதிரே ரோடு கிடந்தது. கல்லும் மண்ணும் காய்ந்து வெள்ளையாக, மூன்று மைலுக்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். பத்து நிமிஷம் அழுத்தினால் அந்தப் பக்கம். அந்தக் கரையில் வீட்டுக் கூரைகள்கூட எண்ணலாம் போலத் தெரிந்தன.

மார்ஜரி பலகைக்குப் பக்கத்திலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "நீ போகலையா?" என்றாள்.

"போனா இங்க ஏன் நிக்கிறேன்? என்ன மார்ஜரி இது, எங்க இருக்கு தண்ணி?"

"வாய்க்கால் இன்னும் வடியல வில்ஃப். பதினோரு மணிக்கே அடிமணல் தெரிஞ்சிருக்கணும். தெரியல. காத்தழுத்தம் ராத்திரியிலேருந்து சரசரன்னு இறங்குது. வடக்கேருந்து நீளமா அலை வருது."

"காத்து?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "காத்து மட்டும் இன்னும் திரும்பல" என்றாள்.

"பாத்தியா! நாலுல மூணுதான். உனக்கே நிச்சயம் இல்ல. அழிச்சிடு. நான் போயிடறேன். என் பொண்ணு எனக்காக நிப்பா மார்ஜரி."

அவள் அழிக்கவில்லை.

நான் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன். "அழிக்க வேணாம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்து. 'ஏறிவிடுவது நல்லது'ன்னு போடு. எப்பவும் போடறதுதானே. ஹேசல் நீ தூக்கி வளர்த்த பொண்ணுதானே?"

"ஆமா" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "இங்க கேட் இல்ல, வில்ஃப். பூட்டு இல்ல. போலீஸ் இல்ல. நான் உன் கையைப் பிடிச்சு இழுக்கப் போறதும் இல்ல. போறதுன்னா போ. ஆனா நான் அழிக்க மாட்டேன். நீ போகணுங்கிறதுக்காக நான் அதை மாத்தினா, நாளைக்கு அந்த வார்த்தை எதுக்கும் உதவாது."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! வேனுக்குள் ஏறி இன்ஜினைக் கிளப்பினேன். முன் சக்கரம் ரோட்டு விளிம்புக்கு வந்தது. கால் ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை. என்ன சொல்லட்டும், முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சொல்லைப் பார்த்தால் திரும்பிப் பழகிய கால் அது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, கதவை ஓங்கி அறைந்து சாத்தினேன்.

அதற்குப் பிறகு நின்றேன். புல்மேட்டில் கல்யாணக் கோட்டோடு நின்றேன். கால் வலித்தபோது வேலிக்கட்டையில் உட்கார்ந்தேன். பைப்பைப் பற்றவைத்தேன். நோரா பொட்டலம் கட்டி வைத்திருந்த சாண்ட்விச்சைக் கடல்பறவைகளுக்குப் பிய்த்துப் போட்டேன். டிப் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணி ஒன்றே முக்கால், ரோடு காய்ந்திருந்தது. இரண்டு, ரோடு காய்ந்திருந்தது. இந்நேரம் நான் கரையில் பாதி தூரம் போயிருப்பேன். மார்ஜரி பக்கத்திலேயே நின்றாள். இரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில், திடீரென்று சைக்கிளில் ஏறி ஊர்ப் பக்கம் போய்விட்டாள். என் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு, அட்டவணையில் போட்டபடி, ஒரு நிமிஷம் முன்னால் இல்லை பின்னால் இல்லை, ரோட்டு மேல் தண்ணீர் மெதுவாக வந்து படிந்தது. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் அந்த ரோடு சும்மா கிடந்தது. நான் நாலு தடவை போய் வந்திருக்கலாம்.

"திருப்தியா?" என்று கேட்டேன் அவளை.

"தப்பாயிடுச்சு, வில்ஃப்" என்றாள்.

"தப்பாயிடுச்சா! ரொம்ப நல்லாருக்கு!" என்று சொல்லிவிட்டு வேனைத் திருப்பினேன். டவுனில் என் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குள் நடந்தாள். அன்று மாலை ரயிலில் மாப்பிள்ளையோடு தெற்கே போய்விட்டாள்.

அப்புறம் மார்ஜரியோடு நான் பேசவில்லை. எதிரே வந்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்தேன். நோரா கல்யாணத்தைப் பற்றி வாயைத் திறந்தால், "எனக்கு ஒண்ணும் சொல்லாதே" என்று எழுந்து கொட்டிலுக்குப் போய்விடுவேன். போட்டோ வந்தது, பார்க்கவில்லை. மார்ஜரி மேல் உள்ள கோபமா, வெள்ளிக்கிழமையே கிளம்பாத என் மேல் உள்ள கோபமா என்று பிரித்துப் பார்க்கிற புத்தியெல்லாம் அப்போது இல்லை.

இந்த நேரத்தில்தான் கவுண்டி ஆபீசிலிருந்து, நம் ஜில்லா ஆபீஸ் மாதிரி அது, பெல்லமி என்று ஓர் அதிகாரி நுழைகிறார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால் அவர்தான் மார்ஜரியின் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகையை நட்டுவிட்டுப் போயிருந்தார். பச்சை வண்ணம், வெள்ளை எழுத்து, பதினோரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு மஸ்ட், அதுவும் மற்ற எழுத்தைவிடப் பெரிதாக. இனிமேல் அதுதான் சட்டப்படியான பலகை, சாக்கட்டிப் பலகையை எடுத்துவிட வேண்டும் என்றார். தீவே எதிர்த்தது. ஜூன் மாதம் ஊர்க்கூடத்தில் கூட்டம் வைத்துக் கேட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'அந்தப் பலகையால் என் மகளின் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. அந்தப் பெண்மணி தப்பாக எழுதினார். பலகையை எடுத்துவிடுவதே சரி.' கையெழுத்துப் போட்டு, தபால்தலை ஒட்டி, நானே பெட்டியில் போட்டேன். தீவில் அப்படி எழுதினவன் நான் ஒருத்தன்தான். பெல்லமி குதித்துக் கொண்டாடியிருப்பார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஹேசல் வந்தாள், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. கடிதச் சமாசாரம் நோரா சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஆல்பத்தை என் மடியில் வைத்தாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உக்காருங்க அப்பா. எல்லாத்தையும் பாக்க வேணாம். இந்த ஒரு போட்டோ மட்டும்."

ஹோட்டல் வரவேற்பு மேஜை. கல்யாண உடுப்பில் ஹேசல், தலைமுடி பாதி முடிந்தும் பாதி அவிழ்ந்தும். போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுகிறாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

போட்டோவை விரலால் தட்டினேன். "பாத்தியா, நான் வரலேன்னு எப்படி அழுதிருக்கே. இதுக்குத்தான் அந்தப் பொம்பளையை நான்..."

"அய்யோ அப்பா, கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்றாள். "நீங்க வரலேன்னு அழல. நம்ம ஊர்க்காரங்க வந்து மார்ஜரி மஸ்ட் எழுதிட்டான்னு சொன்னாங்க. உங்களைக் காணோம். வீட்டுக்குப் போன் பண்ணா எடுக்கல. நீங்க ரோட்ல இறங்கிட்டீங்கன்னு நெனச்சேன். உங்க பிடிவாதம் எனக்குத் தெரியாதா? ரோட்டு நடுவுல தண்ணியில போயிட்டீங்கன்னே முடிவு பண்ணிட்டேன். உடுப்பைக் கழட்டப் போனேன், அம்மா விடல. கல்யாணமே வேணாம்னு கத்தினேன்."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"அப்பதான் போன் வந்துச்சு. மார்ஜரி. 'உங்கப்பன் புல்லு மேல நிக்கிறான். ரோட்ல இல்ல. கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டு நிக்கிறான். நான் கண்ணால பாத்துட்டுதான் வரேன். நீ போய்க் கட்டிக்க கண்ணு'ன்னா. அதுக்குதான் இந்த அழுகை. சந்தோஷத்துல. இதை எடுத்ததுக்குப் போட்டோக்காரனை அடிக்கப் போனேன்."

சைக்கிளில் ஓடினது அதற்கா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தபாலாபீஸ் போனுக்கு ஓடியிருக்கிறாள்.

"கடல்தான் வரவே இல்லையே, ஹேசல். நான் போயிருக்கலாம்" என்றேன்.

"வரலேன்னு அப்ப உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? நீங்க அதை மீறிப் போயிருந்து, சர்ச் வாசல்ல வந்து நின்னிருந்தா, உங்க மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன். அடுத்த தடவையும் போவீங்கன்னு ஆயிருக்கும். அப்புறம் நான் எப்படி நிம்மதியாக் கரையில குடும்பம் நடத்தறது?"

டீ ஆறிப்போயிற்று. நான் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஊர்க்கூடத்தில் தீவே இருந்தது. மார்ஜரி கடைசி வரிசையில், சிவந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெல்லமி என் கடிதத்தை எழுத்து விடாமல் படித்தார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். பிறகு அவர் என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"மிஸ்டர் ஹெட்லி, அன்னைக்கு ரோடு காஞ்சிருந்துச்சா?"

"காஞ்சிருந்துச்சு."

"கேட் எதுவும் சாத்தியிருந்துச்சா? யாராவது உங்களைத் தடுத்தாங்களா?"

"இல்ல. போறதுன்னா போன்னுதான் சொன்னா."

"கடல் அட்டவணைப்படிதானே வந்துச்சு?"

"நிமிஷம் பிசகாம."

"அப்ப அந்தக் கரும்பலகை உங்களை அநியாயமா நிறுத்திடுச்சு. இதைத்தானே எழுதியிருக்கீங்க? இதுக்குதான் சார் முறையான பலகை வேணுங்கறது. எங்க பலகை பதினோரு இடத்துல தெளிவா மஸ்ட்னு சொல்லுது."

ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது. கடிதம் எழுதினவன் நான்தானே. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உங்க பலகையைப் படிச்சிருக்கேன் சார்" என்றேன். "ஒரு தடவை இல்ல. அன்னைக்கு ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல அங்க நின்னேன், படிக்க வேற ஒண்ணும் இல்ல. மனப்பாடம். வண்டியை ஓரத்துல நிறுத்தக் கூடாதுன்னு முதல் மஸ்ட். என் வேன் ஓரத்துலதான் நின்னுச்சு. புல்மேட்டை மிதிக்கக் கூடாது. அது மேலதான் நின்னேன். வேலியில உட்காரக் கூடாது, உக்காந்தேன். புகைக்கக் கூடாது, மூணு பைப் ஆச்சு. பறவைக்குத் தீனி போடக் கூடாது, என் பொஞ்சாதி கட்டிக் கொடுத்த சாண்ட்விச் பூரா போட்டேன். நாயைக் கட்டித்தான் வெச்சிருக்கணும். என் டிப்புக்குக் கயிறுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது."

பின்னால் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சூடு ஏறிவிட்டது.

"பதினொண்ணுல ஆறை அங்கயே நின்னு மீறினேன் சார். மீறுறோம்னுகூடத் தோணல. அதுல ஒண்ணே ஒண்ணை மதிச்சேன். அட்டவணையைப் பாக்கணும்னு போட்டிருக்கீங்களே, அது. பாத்தேன். அட்டவணை போன்னு சொல்லுச்சு. என் பொண்ணு சர்ச்சுல நிக்கிறா. வெயில் அடிக்குது. ரோடு காஞ்சு கிடக்கு. இந்த ஒரு பொம்பளை சாக்கட்டியால எழுதின ஒரு வார்த்தை, அதைத் தாண்டி என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியல. எனக்கு இதுவரைக்கும் யார் சொன்னாலும் கேக்கற பழக்கம் கிடையாது. இங்க யாரை வேணா கேளுங்க."

"அது மெய்தான்!" என்றாள் நோரா சத்தமாக.

பெல்லமி கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "ஆனா அவங்க தப்பா எழுதினாங்கன்னு நீங்களே..."

"தப்புதான். என் மகள் கல்யாணத்தை நான் பாக்கல. செத்தாலும் அது ஆறாது. ஆனா மார்ஜரி ஹேசலுக்குப் போன் பண்ணிச் சொன்னாளே, உங்கப்பன் புல்லு மேல நிக்கிறான்னு, அதைக் கேட்டதும் அவ போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டா. அப்பன் உயிரோட இருக்கான்னு அவளுக்கு நம்பிக்கை வந்துச்சு. மூணு மைல் ரோட்டு இந்தப் பக்கம் நான் நின்னேன், அந்தப் பக்கம் அவ நின்னா. ரெண்டு பேரும் அதே ஒரு வார்த்தையைத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னோம். உங்க பதினொண்ணுல ஒண்ணு அதைத் தாங்குமா சார்? அந்தக் கடிதத்தைக் கொடுங்க."

கொடுக்காமலேயே நான் போய் வாங்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

பெல்லமி கடைசி வரிசையைப் பார்த்து, "மிஸஸ் டாட்ஸ், நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்றார்.

மார்ஜரி எழுந்தாள். "அன்னைக்கு நான் தப்பு. காத்து திரும்பியிருக்கணும், திரும்பல" என்றாள். "அதே மாதிரி வாய்க்கால் வடியாம இருந்தா, நாளைக்கும் எழுதுவேன்." உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

கரும்பலகை இருக்கட்டும் என்று முடிவாயிற்று. தகரப் பலகையும் இருக்கிறது, பாவம், அது பாட்டுக்கு. கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனபோது நான் மட்டும் ரோட்டு முனைக்கு நடந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கரும்பலகையின் முதுகை நான் பார்த்ததில்லை. அதில் வெள்ளை வண்ணத்தில் பதினைந்து வரிகள், அவள் எழுதின மஸ்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு தேதி. பதினாலு வரியில் தேதி மட்டும்தான். பதினைந்தாவதற்குப் பக்கத்தில், மழையில் அழியாதபடி அழுத்தி எழுதியிருந்தாள்: 'தப்பு. ஹேசல் கல்யாணம். வில்ஃப் நின்றான்.'

அதைப் படித்துவிட்டு அந்தப் புல்மேட்டிலேயே உட்கார்ந்தேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். இவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. தப்பை மறைக்கவில்லை, அந்தச் சொல்லையும் விட்டுக்கொடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இதே தீவில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவள்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, சந்தைக்குப் பன்னிரண்டு ஆடுகளை ஏற்றிக்கொண்டு ரோட்டு முனைக்கு வந்தேன். நல்ல வெயில். ரோடு காய்ந்து கிடந்தது. அட்டவணைப்படி இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பலகையில் மஸ்ட் இருந்தது, நேரம் தாண்டி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. மார்ஜரி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அழிக்கச் சொல்லலையா?" என்றாள்.

"போடி இவளே" என்றேன். "ஏறு வண்டியில. சைக்கிளைப் பின்னால ஆட்டோட போடு. நோரா கேக் பண்ணியிருக்கா."

அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.